படகுப் பாட்டின் மூன்றாவது வரி

அன்பு மகன் கெய்ஜிக்கு,

சித்தி யாசுயோ எழுதுகிறேன். புத்தர் பெருமான் பார்வையில் இங்கே தாத்தாவிலிருந்து என் மகள் மிசாதோவின் குட்டி கானா வரைக்கும் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த நியூசிலாந்துக் குளிர் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் காலையில் சாமி அலமாரியைத் திறக்கிறேன். முதல் சோற்றை வைத்து, ஊதுபத்தி ஏற்றி, உன் அம்மா படத்தைப் பார்த்து, அக்கா, உன் பிள்ளைக்கு இன்னிக்கும் ஒரு குறையும் வராம பாத்துக்கோ என்று சொன்ன பிறகுதான் மற்ற வேலை. நீ அனுப்பிய படம் வந்தது, கிவிப் பந்தலுக்குக் கீழே கூடையும் கையுமாக நிற்கிறாய், கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இங்க ஆரஞ்சு பறிக்கத் துரைக்குக் கை வலிச்சுது, அங்க போய்க் கிவி பறிக்கிறாராம் என்றார். அப்படிச் சொன்னவர் படத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அங்கேயே இன்னும் சில வருஷம் இருப்பதா வேண்டாமா என்று மாசக் கடைசிக்குள் முதலாளிக்குச் சொல்ல வேண்டும் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கிளம்பின அன்று துறையில் சித்தப்பா, போறவன் போ, திரும்பிப் பாக்க வேண்டாம் என்று சொன்ன சொல்லை நீ இன்னும் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் தாத்தாவுடைய எண்பத்தெட்டு வயசுக் கொண்டாட்டத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி கண்ணு.

மலை முழுக்க இப்போது ஆரஞ்சு பூத்திருக்கிறது. காயப்போட்ட துணியில் அந்த வாசனை, தலையணையில் அந்த வாசனை, பகலிலேயே பாதிக் கனவில் நடக்கிற மாதிரி இருக்கிறது, கடலும் தீவுகளும் பால் ஊற்றின மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன. அப்படி ஒரு நாளில்தான் தாத்தாவுக்கு எண்பத்தெட்டுக்கு வழக்கமாகப் போடுகிற மஞ்சள் தொப்பியும் மஞ்சள் மேல்சட்டையும் போட்டுவிட்டோம். குருக்கள் வந்து மந்திரம் சொல்லி முடித்ததும் எல்லோரும் டவுனில் மெஷின் இசைக்கு மைக் பிடித்துப் பாட ரூம் தருகிற கரோக்கே வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பாட்டெல்லாம் நீதாம்மா தேர்ந்தெடுக்கணும், நாலு தலைமுறையும் ஒரே ரூம்ல உக்காரப் போறோம், ஒருத்தர் மூஞ்சியும் தொங்கக் கூடாது என்று தாத்தா என் தலையில் கட்டிவிட்டார்.

லேசான வேலையா அது. தாத்தாவுக்குப் பிடித்ததெல்லாம் பனியில் நின்று அழுகிற பாட்டு, அதை ஆரம்பித்தால் கானா தூங்கிவிடும். நம்ம மிசாதோ பாடுகிற பாட்டில் மூச்சு விடவே இடமில்லை, போன புத்தாண்டில் அவள் பாடி முடித்ததும் தாத்தா, எங்கயாவது தீப்பிடிச்சுதா, ஏன் இந்தப் பொண்ணு இப்படிக் கத்துது என்று கேட்டாரே, அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மார்க் போடுகிற வேலையையும் இந்தத் தடவை மெஷினில் அணைத்து வைக்கச் சொன்னேன், குழந்தைக்குத் தொண்ணூறும் தனக்கு அறுபதும் போட்ட மெஷினைத் தாத்தா இன்னும் மன்னிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும், பூக்கிற மரத்துக்குக் கீழே களை பிடுங்கும்போதும் பாட்டுப் பாட்டாக வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தேன். குருக்கள் சம்சாரம், நம்ம கோயில் அம்மாவிடம் கேட்டதற்கு, யாருக்குப் பிடிக்கும்னு பாக்காதீங்க, யார் யார் கூடச் சேந்து பாடலாம்னு பாருங்க என்றார்கள், நல்ல மனுஷி. அதனால் ஸ்கூல் விளையாட்டு விழாவில் எல்லோரும் பாடின பாட்டு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் வருகிற பொம்மைப் படப் பாட்டு ஒன்று, அறுவடை ஆட்டத்துக்குக் கை தட்டுகிற பாட்டு ஒன்று, தாத்தாவுடைய பனிப் பாட்டு ஒன்று மட்டும், அதுவும் வயிறு நிறைந்த பிறகு. எல்லாம் கணக்காக வந்தது. ஆனாலும் நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை. அந்த ஓட்டை உன் படகுப் பாட்டுடா கெய்ஜி.

ஆரஞ்சு தரம் பிரிக்கிற கொட்டகையில் ரேடியோவில் கேட்டு நீ பாடமாக்கின பாட்டு. நீ முதல் அடியைப் பிடித்தால் தாத்தா தொடையில் தாளம் போடுவார், மிசாதோ மேலே ஒரு குரலில் சேர்ந்துகொள்வாள், நான் கடைசி வரியில் மட்டும் வருவேன், தத்தித் தத்தி நடந்த கானா எழுந்து சுற்றிச் சுற்றி ஆடும். அத்தனை பேரையும் சேர்த்துக் கட்டுகிற பாட்டு வேறு எனக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் ஒருத்தர் சொந்தமாக வைத்திருக்கிற பாட்டை இன்னொருத்தர் எடுக்கிற வழக்கம் நம்மிடம் கிடையாதே. ஆள் பக்கத்தில் இருக்கும்போதே எடுக்க மாட்டோம், கடல் தாண்டி இருக்கிறவன் பாட்டை எப்படி எடுப்பது. அதனால் நீ போனதிலிருந்து எந்த விசேஷத்திலும் அது ஒலிக்கவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

அந்த ரூமுக்குள் போனால் மத்தியானமே ராத்திரி ஆகிவிடுகிறது, மேலே சுழல்கிற விளக்கிலிருந்து நீலமும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் எல்லோர் முகத்திலும் மீன் மாதிரி நீந்துகிறது. விளையாட்டு விழாப் பாட்டுக்குத் தாத்தா எழுந்து நின்றே பாடினார். பொம்மைப் பாட்டை மிசாதோவும் தாத்தாவும் ஒரே மைக்கில் பாடினார்கள், பரவாயில்லையே, இன்னிக்கு எங்கயும் தீப்பிடிக்கலை போல என்று தாத்தாவே கிண்டல் பண்ண, தாத்தா, நீங்கதான் இப்ப சைரன் மாதிரி இழுத்தீங்க என்று அவள் திருப்பிக் கொடுத்தாள், ஒரே சிரிப்பு. சித்தப்பா வழக்கம் போல மூலையில் உட்கார்ந்து வறுத்த கடலையும், தாளம் தட்ட அங்கே தருகிற கஞ்சிராவுமாக இருந்தார், அவர் பாடி நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா, கல்யாணம் ஆனதிலிருந்து நானே கேட்டதில்லை. அப்போது இந்தக் கானா, பாட்டு தேடுகிற பலகையை மடியில் வைத்து எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது, படம் பார்க்கிறது என்றுதான் நினைத்தேன். திடீரென்று அந்த முன்னிசை. ஒரு மணியோசை, அதற்குப் பின்னால் அலை மாதிரி வயலின்.

யாரும் அசையவில்லை. அக்கார்டியன் வந்துவிட்டது. கப்பல் பாட்டு, கெய்ஜி மாமா பாட்டு, எல்லாரும் ஆடலாம் என்று குழந்தை குதிக்கிறது, அதற்கு என்ன தெரியும் பாவம். ஐயோ, யாருடி இதப் போட்டது, நிறுத்து நிறுத்து என்று மிசாதோ பொத்தானைத் தேடினாள். நிறுத்தாத என்றார் சித்தப்பா. அப்பா, இது அவன் பாட்டுப்பா என்றாள் அவள். தெரியும், மைக்க இங்க குடு என்றார்.

கெய்ஜி, நான் பொய் சொல்ல மாட்டேன், கேட்க நன்றாக இல்லை. தொண்டையில் கல்லும் மண்ணுமாக ஒரு குரல். ஆனால் அவர் திரையைப் பார்க்கவே இல்லை. விடிகாலைப் படகு, துறையில் நிற்கிற ஆள், தூரத்துத் தீவு, எல்லாம் சொல் பிசகாமல் வந்தது, இரண்டாம் அடி கூட வந்தது, அதை நீயே தாளைப் பார்த்துத்தானே பாடுவாய். தாத்தா தொடையில் தட்ட ஆரம்பித்தார், மிசாதோ அழுதுகொண்டே மேல் குரலில் சேர்ந்தாள், கானா சுற்றியது, விளக்குப் பொட்டுகள் சுற்றின, அந்தச் சின்ன ரூமே துறையை விட்டு நகர்ந்து எங்கேயோ மிதந்து போகிற மாதிரி இருந்தது எனக்கு. கடைசி வரியில் வழக்கம் போல நானும் சேர்ந்தேன்.

எப்பய்யா கத்துக்கிட்ட என்று தாத்தா கேட்டார். சித்தப்பா கடலையை உரித்துக்கொண்டே, மோனோரெயில்ல போறப்ப என்றார். மலைச் சரிவில் கூடைகளை ஏற்றிப் போகிற நம்ம வண்டி போடுகிற சத்தம்தான் உனக்குத் தெரியுமே, அதில் உட்கார்ந்து ஒருத்தர் தொண்டை கிழியப் பாடினாலும் கீழே களை பிடுங்குகிற எனக்குக் கேட்காது. மனுஷன் தினமும் அந்தச் சத்தத்துக்குள்ளே உட்கார்ந்து பாடியிருக்கிறார். வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது, பூ வாசனை மூஞ்சியில் வந்து மோதியது. நான் மெதுவாக, பிள்ளை பாட்டை எடுத்துக்கிட்டீங்களே, அவன் கேட்டா என்ன சொல்றது என்றேன். எடுத்துக்கலடி, அவன் விட்டுட்டுப் போன லாரிய அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்ல, துருப்பிடிக்காம, அது மாதிரிதான் என்றார். அப்படின்னா அவனுக்கு ஒரு போன் பண்ணி வான்னு சொல்லுங்களேன் என்றேன். பெத்தவன்னா உரிமையா வாடான்னு கூப்பிடலாம், நான் வளத்தவன், அதுவும் போன்னு சொன்னவன், எந்த வாயால கூப்பிடுவேன் என்றார். நீ சுமக்கிற சொல்லைத்தான் அவரும் சுமக்கிறார் கண்ணு.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. வந்துவிடு என்று நான் கட்டளை போடவில்லை, அங்கே உனக்கு மனசு ஒட்டியிருந்தால் இரு, எங்கே இருந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான். கதவு சாத்தியிருக்கிறது என்று நினைத்து மட்டும் முடிவு பண்ணாதே, அது சாத்தவே இல்லை. இத்துடன் கோயில் தாயத்து வைத்திருக்கிறேன், பையிலேயே வைத்துக்கொள், பிரித்துப் பார்க்காதே. ஈரச் சாக்ஸோடு தூங்காதே. உன் அம்மாவும் நம் முன்னோர்களும் உன் தலைக்கு மேலே கை வைத்துக் காக்கட்டும், நீ தொட்டதெல்லாம் காய்த்துக் கனியட்டும்.

இன்னும் ஒன்று, மறந்தே போனேன். மூன்றாவது வரியில், அந்தத் தூரத்துத் தீவு வருகிற இடத்தில், சித்தப்பா ஒவ்வொரு தடவையும் சுருதி விலகிப் போகிறார். இப்போது வீட்டிலும் வாய் விட்டுப் பாடுகிறார், அதே இடத்தில் அதே தப்பு. எங்களுக்கெல்லாம் காதில் குத்துகிறது, ஆனால் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. அது எங்கள் பாட்டு இல்லையே, அதைத் திருத்த எங்களுக்கு என்ன உரிமை.

உன் வழியையே பார்த்திருக்கும்,
சித்தி யாசுயோ