அப்பா முளைக்கவைத்த மாசிபத்திரி

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், சாட்சி கேட்கவில்லை. நீ அனுப்பிய மாசிபத்திரி மூலிகை விதை வந்து சேர்ந்தது. இலையைத் தலையணைக்கு அடியில் வைத்தால் நல்ல கனவு வரும் என்று எழுதியிருந்தாய், இதற்கா இத்தனை வருஷம் படிக்கவைத்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அப்பா அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார். தொழிற்சாலையை மூடியபின் அதுவரையான ஏழு மாதத்தில் சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் தவிர அவர் எதற்கும் எழுந்ததில்லை, அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

பொட்டலத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தது, விதை தூசி மாதிரி இருக்கும், மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும், மூடக் கூடாது என்று. இருபத்துநான்கு வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர் அதையெல்லாம் படிப்பாரா? நாற்றுத் தட்டில் ஒரு விரற்கடை ஆழம் குழி போட்டு, விதையைப் போட்டு மூடி, தட்டியும் கொடுத்தார். "விதைன்னா மண்ணுக்குள்ளதான் போகணும், இதுக்கெல்லாம் டிகிரி வேணாம்" என்று கல்லூரியில் தாவரவியல் நடத்தும் எனக்கும் ஒரு குத்து. ஒரு மாதம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு ஒருநாள் தட்டின் பக்கமே போகாமல் நேரே நாற்காலிக்குப் போய்விட்டார். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இப்படித்தான் ஆகும் என்று தெரிந்து, மிச்ச விதையை இரண்டு வாரம் ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, அதேபோன்ற இன்னொரு தட்டில் மண்மேல் தூவி, கல்லூரி ஆய்வுக்கூடத்து ஜன்னலில் வைத்திருந்தேன். பொட்டுப் பொட்டாக முளைத்திருந்தது. அவர் குளிக்கப் போன நேரத்தில் தட்டை மாற்றினேன். நானா இப்படி என்று கேட்காதே. துண்டோடு வந்தவர் "பாத்தியா, நான் என்ன சொன்னேன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். இப்போது காலையில் சவரம் நடக்கிறது. பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு விரற்கடைக் கணக்கில் பாடமும் நடக்கிறது. அதே விதையைப் புதைத்த வாத்தியார் தட்டில் இன்னும் ஒன்றும் வரவில்லை. "அந்த ஆளுக்குப் பொறுமை பத்தாது" என்கிறார் அப்பா.

நேற்று, நாற்றையெல்லாம் கொல்லையில் தரையிலேயே நடப்போகிறேன் என்றார். அதன் வேர் மண்ணுக்குள்ளேயே ஓடி என் புதினாவை, ரோஜாவை எல்லாம் நெருக்கிவிடும், தொட்டியில்தான் வைக்கவேண்டும். தரையில் வைத்தால் பிடுங்கப் பிடுங்க வரும், தினமும் காலையில் இறங்கி அதோடு மல்லுக்கட்டவேண்டியிருக்கும், பத்து வருஷத்துக்கு அவருக்கு ஓய்வே கிடையாது. மண்வெட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

நன்றாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா போனில் பேசும்போது இந்தக் கடிதம் உனக்கு வரவே இல்லை, மறந்துவிடாதே.

ஆசிகளுடன்,
அம்மா