கேட்டில் மாட்டிய படம்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று மருத்துவமனையில் எனக்குச் சிறந்த செவிலியர் விருது கொடுத்தார்கள். சாந்தோம் குப்பத்தில் நாங்கள் நடத்திய காசநோய் முகாமுக்காக. நேற்றே வாசல் கேட்டில், முகாமின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, பெரிய பேனர் கட்டிவிட்டார்கள். அதில் நான் ஸ்டெல்லா அக்காவுக்கு மாத்திரை கொடுக்கிறேன்.

படம் கேட்டபோது அதை அனுப்பியது நான்தான். மற்ற படங்களில் அவர் முகம் தெரியவில்லை. ஆனால் இதில்தான் நான் நன்றாக விழுந்திருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விழா முடிந்து வெளியே வந்தால் அவரே கேட்டருகே நின்றிருந்தார். குப்பத்தில் இட்லிக்கடை போட்டிருப்பவர். மருந்தெல்லாம் முடித்து, குணமாகி மாதக்கணக்காகிறது.

"இன்னா சிஸ்டர், என் மூஞ்சியதான் மாட்டணுமா? எனக்கு இந்த நோவு இருந்துச்சுன்னு எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்கு யாரும் இட்லி வாங்க வரல."

"மன்னிச்சிடுங்கக்கா, இப்பவே எடுத்துடறேன்."

வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நானே கயிற்றை அவிழ்த்தேன். பேனர் இறங்கும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு, "சரி, நீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு நடந்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால், என் கணவர் அதே படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார்.

"பாரு, எவ்ளோ பேர் வாழ்த்து சொல்லியிருக்காங்க!"

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தூங்கிவிட்டார். படம் இன்னும் அங்கேயே இருக்கிறது.