பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்

குருவிநத்தம்,
மார்கழி மாதம்.

மகன் அன்புராஜுக்கு, அப்பா கோதண்டம் சொல்லச் சொல்ல உன் அக்கா மஞ்சுளா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதவா என்று கேட்டாள். வேண்டாம், உயிரோடு இருக்கிறோம் என்று எழுதச் சொன்னேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நம் வயலுக்குப் பின்னால் மனை போடும் ஜெகநாதன், ரோட்டுக்கு வழி கேட்டு புரட்டாசியில் வீட்டுக்கு வந்தான். பார்க்கலாம் என்றேன். வாசல் தேடி வந்தவனிடம் முடியாது என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. பார்க்கலாம் என்றாலே முடியாது என்றுதான் அர்த்தம். மாடு பிடிக்க வருகிறவனுக்கும் பெண் கேட்டு வருகிறவனுக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா? எட்டாவது படிக்கும்போது சைக்கிள் கேட்டாய். பார்க்கலாம் என்றேன். வந்ததா?

போன வாரம் கதிர் வாங்கிய பயிர் மேல் பொக்லைன் இறங்கிவிட்டது. நடு வயலில் செம்மண் கொட்டி வாய்க்காலை மூடிவிட்டார்கள். கீழ்த்துண்டுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இதை இப்படியே விட்டால் நாளைக்கு அதுதான் ரோடு. அப்புறம் என் நிலத்தில் கால் வைக்க நான் அவனைக் கேட்க வேண்டும்.

பொக்லைன் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஜெகநாதன் சிரித்துக்கொண்டே, பதிவு செய்து வைத்திருந்த உன் பேச்சைப் போட்டு போனை என் காதில் வைத்தான்.

"அப்பா பாக்கலாம்னு சொன்னாரில்ல சார்? அப்போ சரின்னுதான் அர்த்தம். நீங்க ரோடு போட்டுக்குங்க."

அந்த வாயால் நீ வேறு என்னவெல்லாம் சொன்னாய்? முன் வரிசையில் உனக்கு ஒரு மனை தருகிறானாமே. பத்திரம் என் பேரில் இருக்கிறது, பட்டாவும் என் பேரில்தான். நான் இன்னும் சாகவில்லை. பாரிசில் இருந்துகொண்டு என் வயலுக்குள் ஆளை அனுப்ப நீ யார்?

ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். ஜெகநாதன் அங்கேயும் அதையே போட்டுக் காட்டினான். இது உங்கள் பிள்ளை பேசியதுதானா என்று எஸ்.ஐ. கேட்டார். மஞ்சுளா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள குரலு இல்லீங்க அது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன்பா அப்படிச் சொன்னாய் என்று வழியெல்லாம் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு வா என்றேன்.

எஸ்.ஐ. உன்னைக் கூப்பிடுவார். எடுத்துப் பேசு. நிலம் அப்பாவுடையது, அவர் சம்மதிக்கவில்லை, சரி சொல்ல எனக்கு உரிமையில்லை என்று சொல். அப்படி ஒருவன் பேசினால், அது என் பிள்ளை குரல்தான் என்று எந்த இடத்திலும் வந்து சொல்வேன்.

ஜெயசுதாவும் குழந்தையும் நன்றாக இருக்கட்டும். அங்கே குளிர் கடுமை என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
கைரேகை வைக்கும்
அப்பா.