இன்வெர்ட்டருக்குப் பின்னால் வைத்த கயிறு

அக்கா,

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கையில் இன்னும் உன் கயிற்றின் வாசனை இருக்கிறது. குவாரிக் கல்லின் தூசும், ஏறும்போது நீ கையில் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடியும் கலந்த வாசனை. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு, கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். பக்கத்து அறையில் அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன். காலை ஏழரைக்குப் பாபு அண்ணா ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வருவார், உன் கயிற்றை வாங்கிக்கொள்ள. கொடுப்பதற்கு என்னிடம் கயிறு இல்லை.

நீ திட்டம் போட ஆரம்பித்தது ஆடி மாதம். ஆபீஸில் பிரிண்ட் எடுத்த இரண்டு படங்களைக் கட்டிலில் விரித்துக் காட்டினாய். ராஜஸ்தானில், மணலுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் பாறை. அதன் இடது ஓரத்து வெடிப்பில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, ஏறப்போகும் வழி இதுதான் என்றாய். வெயில் காலத்தில் அந்தக் கல்லைத் தொட்டால் கை பொத்துவிடும், அதனால் பொங்கல் லீவு. நீ, பாபு அண்ணா, இன்னும் இரண்டு பேர். நீ மலை ஏறுவதே வீட்டில் தெரியாது என்பதால், ஆபீஸ் டூர் என்று சொல்வதாக முடிவு. எனக்கு இரண்டு வேலை கொடுத்தாய். வாயைத் திறக்கக் கூடாது. கயிற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பாலைவனத்தில் விடிகாலைக் குளிரில் விரல் மரத்துப்போகும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாய். தாம்பரத்தில் குளிருக்கு எங்கே போவது? ஃப்ரீசருக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றாய். நான் கடிகாரம் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆனதும் ஓடிப்போய் ஜன்னல் கம்பியில், மலை ஏறுகிறவர்கள் போடும் 8 வடிவ முடிச்சைப் போட வேண்டும். முதல் நாள் உன்னால் முடியவே இல்லை. அப்பாவின் குரங்குக் குல்லாய் வேறு போட்டிருந்தாய், பழக வேண்டுமாம். சத்தம் கேட்டு அம்மா வந்தாள்.

"ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என்னடி பண்றீங்க? தலையில என்ன அது?"

"காது வலிக்குதும்மா" என்றாய்.

"காது வலிக்கு யாராவது ஐஸுல கைய வைப்பாங்களா? மூடு அதை."

பம்மலுக்குப் பின்னால் இருக்கும் பழைய குவாரிக்கு என்னை ஒரே ஒரு முறை அழைத்துப் போனாய். பாபு அண்ணாவை அன்றுதான் பார்த்தேன். பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் என்றாய். விரல் ஒவ்வொன்றும் கரண்டிக் காம்பு மாதிரி இருந்தது. "ஏறு பாப்பா, நான் புடிச்சுக்கினுதான் கீறேன்" என்றார். இரண்டு ஆள் உயரம் போனதும் கீழே பார்த்துவிட்டேன். கல்லோடு ஒட்டிக்கொண்டு அழுதேன். நீ பக்கத்தில் ஏறி வந்தாய். "கீழ பாக்காதடி. முடிச்சைப் பாரு" என்றாய். அவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பூ மாதிரி என்னை இறக்கினார். அன்றைக்கு நான் தொங்கியது உன் கயிற்றில்தான்.

மழை பிடித்ததும் குவாரியில் தண்ணீர் நின்றது. போவதை நிறுத்தினீர்கள். கயிற்றைச் சாக்குப்பையில் சுருட்டி, பரண்மேல் பழைய பெட்டிக்குள் வைக்கச் சொன்னாய். வைத்தேன். ஆனால் அங்கேதான் கொலுப் பொம்மைகளும் இருந்தன. நவராத்திரிக்கு முதல் நாள், ஸ்டூலை எடுத்து வா, பொம்மையை இறக்க வேண்டும் என்று அம்மா சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது. அவள் குளிக்கப் போன நேரத்தில் பையை இறக்கி, மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டருக்குப் பின்னால் செருகினேன். ஷாக் அடிக்கும் என்று அம்மா அந்தப் பக்கம் கையே வைக்க மாட்டாள் அல்லவா. அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன். பிறகு திரும்ப எடுத்து வைக்கவே இல்லை. நீ இரண்டு மூன்று முறை "பத்திரமா இருக்கா?" என்று கேட்டாய். "ம்" என்றேன்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். அதைப் பற்றி எழுதினால் சத்தம் போட்டு அழுதுவிடுவேன்.

காரியம் முடிந்த அன்று, ஆபீஸ் நண்பர் என்று சொல்லிக்கொண்டு பாபு அண்ணா வந்திருந்தார். நான் காபி கொண்டுபோனபோது மெதுவாகக் கேட்டார். "அவ கயிறு உன்னாண்ட தான கீது?" தலையாட்டினேன். பயணத்தை விடப் போவதில்லை என்றார். உன் கயிற்றை நம்பித்தான் டிக்கெட் போட்டிருக்கிறார்கள். நாளை ராத்திரி ரயில்.

முந்தாநாள் பையை வெளியே இழுத்தேன். சாக்கு, பேட்டரி பக்கம் கருத்துப்போய் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டையாகி இருந்தது. எலி கடித்தது போல இல்லை. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அப்பா பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போது நிறைய ஊற்றிவிட்டாரோ, மழையில் கரண்ட் போய்ப் போய் வந்து கொதித்து வழிந்ததோ, தெரியவில்லை. கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதிதாக வாங்கியது போலவே இருந்தது. பாபு அண்ணாவுக்குக் கொடுக்க உன் பயண நோட்டையும் ஆபீஸ் பையிலிருந்து எடுத்தேன். பருப்புப்பொடி, தண்ணீர் கேன், குல்லாய் எல்லாம் எழுதிய பக்கத்தில், கயிறு என்பதற்கு நேரே இருந்தது: "பேட்டரி, ஆசிட் பக்கம் வைக்கவே கூடாது. பட்டா வெளிய தெரியாது. தொங்கும்போதுதான் தெரியும்."

அதை என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ.

நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் மருந்துக்கடை வாசலில் இருக்கும் ஒரு ரூபாய் போனில் பாபு அண்ணாவைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"டிக்கெட்டு கன்ஃபார்ம் ஆயிடுச்சு பாப்பா. உங்கக்கா சிவப்பு மையில கோடு போட்டாளே, அதுலதான் ஏறப் போறோம். மேல போய் அவ பேரைச் சொல்லிட்டு வந்துட்டா போதும் எனக்கு."

"அண்ணா, அந்தக் கயிறு..."

"இன்னா, வூட்ல பாத்துட்டாங்களா?"

"இல்லண்ணா."

"அப்பறம் இன்னா? பயப்படாத. காலைல எட்த்துக்கினு வா."

நேரம் முடிகிறது என்று போன் கத்தியது. கையில் இன்னொரு ரூபாய் வைத்திருந்தேன். போடவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. அம்மா கோயிலுக்குப் போனதும், பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே அரிவாள்மணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டை இருந்த இடத்தில் எந்தச் சுற்று பட்டிருக்கும் என்று குத்துமதிப்பாகப் பார்த்து, அந்த இடத்தை அறுத்தேன். உள்ளே வெள்ளை இழைகள். அதன்மேல் ஒரு கறைகூட இல்லை. நடுவில், எதுவும் பட்டிருக்கவே முடியாத இடத்தை அறுத்துப் பார்த்தேன். அதுவும் வெள்ளை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் அக்கா. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதற்குப் பிறகு யாரும் அதைக் கட்டி ஏற முடியாதபடி வெட்டிக்கொண்டே போனேன். பதினொரு துண்டு.

அம்மா சீக்கிரம் திரும்பி வந்துவிட்டாள். ஏது இது என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த பழசு, தூக்கிப் போட்டார்கள் என்றேன். அவள் ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா கெட்டியாத்தான இருக்கு. இதைப் போய்த் தூக்கிப் போடுவாங்களா? கொடி அறுந்து ஒரு வாரமாகுது."

ஜன்னல் கம்பிக்கும் டேங்க் குழாய்க்கும் இழுத்துக் கட்டினாள். உன் படுக்கையை அவள் இன்னும் வாரா வாரம் துவைக்கிறாள். ஈரப் போர்வை, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் அதிலேயே போட்டாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறுந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டேன். அறுந்தால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும். கொஞ்சம் தொய்ந்தது. அவ்வளவுதான். இப்போதும் அப்படியே இருக்கிறது. போர்வையைத் தாங்கினால் ஆளைத் தாங்குமா என்று நான் யாரைப் போய்க் கேட்பது?

காலையில் பாபு அண்ணாவிடம், அம்மா பார்த்துவிட்டாள், வெட்டிவிட்டாள் என்று சொல்லலாம். நம்பிவிடுவார். அழக்கூட அழுவார். உண்மையைச் சொல்லவும் மூன்று முறை மனதுக்குள் பேசிப் பார்த்தேன். எப்போதிலிருந்து அங்கே இருந்தது என்றுதான் முதலில் கேட்பார். நவராத்திரியிலிருந்து என்பேன். அந்த இடத்தில் என் வாய் நின்றுவிடுகிறது. ஏனென்றால் அப்போது நீ இருந்தாய்.

காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் நாளை ராத்திரி ரயிலில் நீயும் போயிருப்பாய். கிளம்பும்போது பத்திரமா இருக்கா என்று கேட்டிருப்பாய். நான் ம் என்றிருப்பேன். சாக்கில் இருந்த ஓட்டையை நீ பார்த்திருப்பாயா, அவசரத்தில் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பாயா, தெரியவில்லை. தினமும் ராத்திரி படுத்துக்கொண்டு, மனதுக்குள் உன்னை அந்த ஓட்டையைப் பார்க்க வைக்கிறேன். சில நாள் நீ பார்த்துவிடுகிறாய். சில நாள் பார்க்காமல் போய்விடுகிறாய்.

அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் ஏறுகிறவள் எப்போதும் நீதான்.