பொங்கலுக்கு வந்தவள்

பள்ளிபாளையம்
5.10.1998

அன்புள்ள பாவாயி அக்காவுக்கு,

அருள்மொழி எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் சுகம். நீங்கள், மாமா, என் பிள்ளைகள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

மலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் குப்புசாமி அண்ணனிடம் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். வித்யாவுக்குப் பாவாடை சட்டை, முருகுவுக்கு டவுசர் சட்டை, கொஞ்சம் கம்பி மத்தாப்பு. பாவாடையை நானே தைத்தேன். இடுப்பளவு கண்ணில் நின்றதை வைத்துத்தான் வெட்டினேன். சரியாக இருக்கிறதா என்று எழுதுங்கள்.

முருகுவை வெடிப் பக்கம் விடாதீர்கள். போன தீபாவளிக்குச் சத்தம் கேட்டு என் சேலைக்குள் புகுந்தவன், விடியும் வரை வெளியே வரவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கண்ணை மூடச் சொன்னால் கேட்க மாட்டான். "காக்கா எங்கே?" என்று கேட்டால் மேலே பார்ப்பான், அப்போது வைத்துவிடுங்கள்.

இவர் நல்ல மாதிரிதான் அக்கா. குறை ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அருள்மொழி


வளப்பூர் நாடு
26.10.1998

அன்பு அருளு,

உன் பை வந்து சேர்ந்தது. பாவாடை அரைச்சாண் குட்டை. பிள்ளை வளர்ந்துவிட்டாள். "அம்மா தெச்சது, இதுதான் போடுவேன்" என்று அடம்பிடித்து, கீழே என் பழைய சேலைக் கரையை ஒட்டுப் போட்டு உடுத்திக்கொண்டாள்.

தீபாவளிக்கு இங்கே ஒரே மழை. மத்தாப்பை அடுப்படியில் உட்கார்ந்துதான் கொளுத்தினோம். முருகு பயப்படவில்லை. உன் மாமா மடியில் உட்கார்ந்து கைதட்டினான். காக்காய் வித்தை பலித்தது.

நீ சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு மறுகல்யாணம் பேசும்போதே பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பிள்ளைகள் அப்பன் வீட்டில் பெரியப்பனோடு இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்கள். அதை நினைத்து நினைத்து உருகாதே கண்ணு.

உன் அக்கா,
பாவாயி


பள்ளிபாளையம்
3.1.1999

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வருகிறது. இரண்டே நாள், பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போகட்டுமா? "போயிட்டு வா புள்ள, நான் ஒண்ணும் சொல்லல" என்று இவரே சொல்லிவிட்டார்.

எங்கள் லைன் வீட்டைச் சுற்றி எந்நேரமும் தறி ஓடும். வந்த புதிதில் தூங்கவே முடியவில்லை, இப்போது பழகிவிட்டது. பண்டிகை என்றால்தான் நிறுத்துவார்கள். தறி நின்றால் எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பேசுவது, சிரிப்பது, அடிவாங்கி அழுவது எல்லாம் கேட்கும். தீபாவளி அன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். இவர் பலகாரத்தோடு வந்து பார்த்தார். பிறகு அதை எடுத்து மூடி வைத்தார்.

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டும்போது வித்யாவை அவள் அப்பா தோளில் தூக்கிக்கொள்வார். பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் அவள்தான் கூரையில் செருகுவாள். மிளகு பறிக்க மரம் ஏறி அவர் விழுந்து இறந்ததற்கு முந்தின மாதம்கூட அப்படித்தான் செருகினாள். இந்தத் தடவை யார் தூக்குவார்கள்? மாமாவுக்கு முட்டி வலியாயிற்றே.

பதில் போடுங்கள்.

அருள்மொழி


வளப்பூர் நாடு
9.1.1999

அன்பு அருளு,

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இந்தப் பொங்கலுக்கு நீ வர வேண்டாம்.

நீ போன பிறகு முருகு எத்தனை நாள் வாசற்படியிலேயே கிடந்தான் என்று நான் உனக்குச் சொல்லவில்லை. பஸ் ஹாரன் கேட்டால் எழுந்து ஓடுவான். திரும்பி வந்து படியிலேயே படுத்துக்கொள்வான். இப்போதுதான் தேறியிருக்கிறான். என்னை அம்மா என்கிறான். நான் சொல்லித் தரவில்லை கண்ணு, சத்தியமாக. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்து அவனாகவே கூப்பிட்டான். நீ வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனால் மறுபடியும் அந்தப் படிதான்.

பிள்ளைப் பாக்கியம் கிடைக்காமல் போனவள் நான் என்பது உனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. நினைத்தாலும் நான் என்ன செய்வேன்.

உன் மாமா ஏணி போட்டுத் தருவார். வித்யா ஏறிச் செருகுவாள்.

பாவாயி


வளப்பூர் நாடு
20.12.1999

அன்பு அருளு,

ஒரு வருடமாக நீ ஒரு வரி எழுதவில்லை. துணி மட்டும் வருகிறது, எல்லாம் அளவுக்குப் பெரிதாக. நீ கோபமாக இருப்பது நியாயம்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் வித்யா என் கையைப் பிடித்து இழுத்து, "பெரிம்மா, வளையக்கட கிட்ட எங்கம்மா நிக்குது" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பச்சைச் சேலை நான் எடுத்துக் கொடுத்தது. "அது வேற யாரோ சாமி" என்று சொல்லி நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீயும் அடி எடுத்து வைக்கவில்லை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். போன வாரம் உன் மாமா சோறு தின்றுகொண்டே, "ஏம்புள்ள, யாருக்காக வர வேண்டாங்கற? பையனுக்கா, உனக்கா?" என்று கேட்டார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு வா. அவரையும் கூட்டி வா. செம்மேடு பஸ் நிறுத்தத்துக்கு மாமா வந்து நிற்பார்.

பாவாயி


பள்ளிபாளையம்
20.1.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இவர் நாமக்கல்லில் காத்திருந்தார். "புள்ளைங்க எப்படி?" என்று கேட்டார். பலாச்சுளை வற்றல் என்றால் இவருக்கு உயிர் என்று உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் கொடுத்துவிட்டதில் அதற்குள் பாதி காலி.

நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். முதல் நாள் முழுக்க வித்யா என் பக்கமே வரவில்லை. நான் போட்ட சோற்றைக்கூடத் தள்ளி வைத்தாள். பொங்கல் அன்று காலையில் நீங்கள் பானைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது சீப்பும் ரிப்பனும் எடுத்து வந்து, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். சிக்கு எடுத்தால் வலிக்குமே என்றேன். "வலிக்கட்டும். மெதுவா பின்னு, அவசரப்படாத" என்றாள். பின்னி முடித்தேன். அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னச் சொன்னாள். பானை பொங்கி நீங்கள் எல்லோரும் கூவினீர்களே, அப்போதும் நாங்கள் எழுந்து வரவில்லை. தப்பாக நினைக்காதீர்கள்.

பஸ் ஏறும்போது முருகு உங்கள் இடுப்பில் இருந்தபடியே, "அத்தை, மறுக்கா எப்ப வருவே?" என்று கேட்டான். "அத்தை இல்லடா சாமி, அது உங்க..." என்று தொடங்கினீர்கள். முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மலை இறங்கி முடியும் வரை அழுதேன், அது உண்மை. பக்கத்தில் இருந்த அம்மாள், வளைவுக்குத் தலைசுற்றுகிறது போல என்று எலுமிச்சம்பழம் கொடுத்தாள். அடிவாரம் வந்தபோது யோசித்துப் பார்த்தேன். அத்தை என்றால் அந்த வீட்டில் பிறந்தவள். பிறந்த வீட்டுக்கு வருகிறவளை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வந்தால் இரண்டு நாள் இருப்பாள். போனால் பிள்ளைகள் படியில் படுத்துக் கிடக்க மாட்டார்கள்.

அவனைத் திருத்தாதீர்கள் அக்கா. அவன் உங்கள் பிள்ளையாகவே வளரட்டும். பெரியவன் ஆனதும் வித்யா சொன்னால் சொல்லட்டும். அவளுக்கு எல்லாம் தெரியும்.

அடுத்த பொங்கலுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
முருகுவின் அத்தை
அருள்மொழி