அவர் சொன்ன இடங்கள்

மார்ச் 4, திங்கள்

ரசத்தில் உப்பு இல்லை என்று காலையிலேயே ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் இவர் பொம்மசந்திராவுக்கு வேலைக்குக் கிளம்பினார். மனுஷனுக்கு நாக்கு மட்டும் மாமியார் மாதிரி. தண்ணீர் டேங்கர் இன்றும் வரவில்லை.

மார்ச் 6, புதன்

இவர் கம்பெனி குடோனில் செப்புக் கம்பிச் சுருள்களைக் காணோமாம். சாவி இவரிடம் இருப்பதால் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். “அர்ஜுனனை சும்மா விசாரிக்கத்தாம்மா” என்றார் கான்ஸ்டபிள் மஞ்சுநாத். சும்மா என்றால் ஏன் என்னைப் பார்க்க விடவில்லை?

மார்ச் 7

ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே அலறல். அவர் குரல்தான். ஐயோ, அவர் குரல்தான்.

மாலையில் மஞ்சுநாத் சொன்னார்: “ஒப்புக்கிட்டான்மா. ஹெப்பகோடி ஏரிக்கரையில புதைச்சிருக்கானாம்.”

எடுத்திருப்பாரோ? ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 8

ஏரிக்கரையில் தோண்டினார்களாம். ஒன்றுமில்லை. மறுபடி அடி. ஒக்கலிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் என்றாராம். அங்கேயும் இல்லை. பிறகு ஏதோ ஒரு வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஏரிக்கரை — ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மசாலாப் பொரி தின்கிற இடம். மண்டபம் — எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. தொட்டி — முதன்முதலில் வாடகைக்கு இருந்த வீடு. எடுக்காத பொருளை எங்கே வைத்தாய் என்று அடித்தால், தெரிந்த இடத்தைத்தானே சொல்வார்? பாவி மனுஷன். என்னோடு போன இடத்தை விட்டால் அவருக்கு இந்த ஊரில் வேறென்ன தெரியும்?

இன்ஸ்பெக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அப்போ பொய் சொல்றான்னு நீயே சொல்றே” என்றார்.

“நீங்கதான் சார் பொய் சொல்ல வைக்கிறீங்க.”

வெளியே தள்ளிவிட்டார்கள்.

மார்ச் 9

இடம் தீர்ந்துபோய் ஆள் பேர் சொல்லியிருக்கிறார். என் தம்பி ஹரிஷ்! வந்து தூக்கிப் போய்விட்டார்கள். அட படுபாவி, என் தம்பி பேருதானா கெடச்சுது உனக்கு?

சாயந்திரத்துக்குள் ஹரிஷும் ஒப்புக்கொண்டான். அவன் சொன்ன இடம் வேறு.

மார்ச் 12

கம்பி கிடைத்துவிட்டது. யாரும் எடுக்கவே இல்லை. கம்பெனி ஆட்களே தவறுதலாக வேறு சரக்கோடு சேர்த்து லாரியில் ஓசூர் குடோனுக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அங்கே பிரிக்காமலே கிடந்ததாம்.

இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். “வீட்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா” என்றார் மஞ்சுநாத், என் முகத்தைப் பார்க்காமல். நடக்காத திருட்டை இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் — அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

மார்ச் 20

இன்று ரசத்தில் வேண்டுமென்றேதான் உப்புப் போடவில்லை. திட்டட்டுமே, ஒரு வாய் திட்டட்டுமே என்றுதான்.

பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

“உப்பு சரியா இருக்கா?”

“இருக்கு.”

“கம்மியா இல்ல?”

“ஆமா, கம்மி.”

“இல்ல, கரிக்குதோ?”

என் முகத்தையே பார்த்தார். “ஆமா தாரணி. கரிக்குது.”

எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.