கிணற்றில் மல்லிகை வாசம்

திண்டுக்கல்
12.6.1999

அன்பு மகள் ஐரினுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் பம்பாயில் நீ சுகமாக இருப்பாய். நாங்கள் இங்கே இருக்கிறோம், அவ்வளவுதான்.

சென்ட் வாசம் பறந்துவிடாமல் நிற்க என்ன வழி என்று உன் தம்பி பிராங்கிளின் போனில் கேட்டானே, அது நீ நினைத்தபடி வீட்டில் பினாயில் செய்வதற்காக அல்ல. அவன் தோல் பதனிடுகிற வேலை பார்க்கும் தோல்ஷாப்பின் முதலாளிக்காகக் கேட்டான். சும்மா ஊற்றினால் மிதந்து ஆவியாகிவிடும், நுரைக்கிற சோப்புச் சரக்கோடு கலந்தால் அது வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சென்ட் கம்பெனியில் வேலை பார்க்கிற நீயும் நல்ல மனதோடு அளவெல்லாம் சொல்லிக் கொடுத்தாய். தோல்ஷாப் கழிவு கிணற்றைக் கெடுக்கிறது என்று எங்கள் தெரு போட்ட மனுவை விசாரிக்க அதிகாரி வருகிற அன்று விடியற்காலையிலேயே கழிவு வாய்க்காலில் கேன் கேனாக அந்த மல்லிகைச் சரக்கை ஊற்றிவிட்டார்கள். மூக்கைப் பொத்த எடுத்த கைக்குட்டையை அந்த மனிதர் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பூ மார்க்கெட் மாதிரியில்ல இருக்கு, இதுக்கா மனுப் போட்டீங்க என்று எங்களைக் கேட்டார். சோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர்கூட எடுக்கவில்லை. எதிர்வீட்டுச் சிவனம்மாள் அவர் காதில் விழும்படியே, சாக்கடைக்குப் பூ வச்சுப் பொட்டும் வச்சுட்டாய்ங்கடி என்றாள். படித்தவர்களுக்கு ஏழை சொல்வது பொய், மூக்குக்குத் தெரிவதுதான் நிஜம்.

ஆனால் கேள். நாலைந்து நாள் கழித்து நம் கிணற்றில் வாளி விட்டு இறைத்தால் நுரை, முகர்ந்தால் அதே மல்லிகை. வாய்க்கால் தண்ணீர் கிணற்றுக்கு வரவே இல்லை என்று இத்தனை வருடம் சாதித்தானே முதலாளி, அவன் ஊற்றியதே வந்து சேர்ந்துவிட்டது. நாங்கள் சொன்னால் எடுபடாது. இது இன்ன சரக்கு, இப்படிக் கலந்தது, அளவு சொன்னவள் நான் என்று நீ கலெக்டர் ஆபீஸில் வந்து சொல்ல வேண்டும். பிராங்கிளினுக்கு வேலை போகும். அக்காவை வரச் சொன்னா நான் வீட்டை விட்டுப் போறேன் என்று கத்துகிறான். போகட்டும். அவன் பிள்ளைக்கும் இந்தத் தண்ணீரில்தான் பால்மாவு கலக்குகிறார்கள், அதை அவன் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான்.

வெளிச் சாப்பாட்டைக் குறை. தேவன் உன்னை நோய் நொடியில்லாமல் காக்கட்டும். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு நாள், மறந்துவிடாதே. லீவு கேட்கும்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாதே. எதற்கு வருகிறாயோ அதைச் சொல்லியே கேள்.

உன் அம்மா
ஆரோக்கியம்மாள்